குளியலறையில் ஒரு கப்பல் பட்டறை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படம் வந்தது. வாஷ்பேசின் திண்டில் பாதி முடிந்த டைட்டானிக் பிளாஸ்டிக் மாடல், அதன் புகைபோக்கிகள் நாலும் பல்துலக்கி வைக்கிற குவளைக்குள், பின்னால் வரிசையாக ஷாம்பு பாட்டில்கள். அம்மாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “அப்படியே உங்க ரத்தம்” என்று சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். பாராட்டா, சாபமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளை ஷேவ் பண்ண இடமில்லாமல் கைக்கண்ணாடியோடு ஹாலில் நிற்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு என் அனுதாபங்களைச் சொல். அம்மா அதே இடத்தில் இருபது வருஷம் நின்றவள்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. காற்றழுத்தத்தால் பெயின்ட்டைத் தூவுகிற ஏர்பிரஷ் வாங்கப்போகிறாய், குளியலறையிலேயே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக்கொண்டு பெயின்ட் அடிக்கலாமா? கூடாது. ஆனால் வீட்டின் ஒரே குளியலறையை இருபது வருஷம் ஆக்கிரமித்த ஆள் ஒற்றைச் சொல்லில் கூடாது என்றால் நீ சிரிப்பாய். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில், அங்கே எதைச் செய்யலாம் என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வேலைக்கு அந்த அறையை மிஞ்ச வேறு இடம் கிடையாது. மாடல் பாகங்கள் வருகிற கிட்டைப் பிரித்ததும் பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டாமல் அப்படியே வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவு. பாகங்கள் அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசிய பிசுக்கு மேலே ஒட்டியிருக்கும். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது. மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். ரெசினை, அதாவது இறுகும் பிசினை, அச்சில் ஊற்றிச் செய்த பாகங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ரெசின் சிறகு கோணலாக வந்திருந்தால் வெந்நீரில் போட்டு எடு. ரப்பர் மாதிரி இளகியதும் நேராக்கிப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் அப்படியே நின்றுவிடும். கிட்டின் பிளாஸ்டிக்குக்கு இந்த வைத்தியம் ஆகாது. அது பாலிஸ்டைரீன், கொதிநீரில் குழைந்துபோகும்.

உப்புத்தாளையும் நனைத்தே தேய். 400-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 600, 1000 என்று ஏறு. காயவைத்துத் தேய்த்தால் ரெசின் தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும், நனைத்தால் சேறாக வழியும். அந்தச் சேற்றைக் குழாயில் விடாமல் காகிதத்தில் வழித்துக் குப்பையில் போடு.

டெக்கல், அதுதான் தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற மெல்லிய எழுத்து, சின்னப் படங்கள், ஒட்டுவது உனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். இருந்தாலும் சொல்கிறேன். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வேடிக்கை பார்க்காதே, பசையெல்லாம் கரைந்துபோகும். பத்துப் பதினைந்து நொடி முக்கி எடுத்து டிஷ்யூ பேப்பரின்மேல் வைத்துவிட்டுக் காத்திரு. தானாக வழுக்கும். ஒட்டும் இடத்தில் முன்னாலேயே பளபளப்பான வார்னிஷ் ஒரு கோட் இருக்கவேண்டும். சொரசொரப்பின்மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மினுங்குகிற மாதிரி தெரியும். அப்புறம் லேசில் போகாது.

இன்னொரு சங்கதியை நான் ரொம்ப வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். சிறகு இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க விமானத்தைக் கையில் வைத்து எத்தனை தரம் பார்த்தாலும் சரியாகவே தெரியும். குளியலறைக் கண்ணாடியில் காட்டு. இடம் வலம் மாறித் தெரிந்ததுமே கோணல் முகத்தில் அடித்த மாதிரி தெரியும். பழகிய கண் பொய் சொல்லும், பாப்பா.

அந்த அறையில் அம்மா வைத்திருந்த சாமான்களை நான் என்ன பாடு படுத்தினேன் என்று அவளைக் கேள். நகம் தேய்க்கும் அரம் சிறகின் விளிம்பைச் சீராக்கியது. பல்லிடுக்கு நூல், தப்பாக ஒட்டிய இரண்டு பாதிகளை அறுத்துப் பிரித்தது. டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து மடித்தால் 1/35 அளவு டாங்கியின், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு டாங்கியின், முதுகில் கட்டிய தார்ப்பாய். ஹேர் ஸ்ப்ரேதான் பெரிய கொள்ளை. துருப்பிடித்த நிறத்தின்மேல் ஹேர் ஸ்ப்ரே, அது காய்ந்ததும் மேலே அக்ரிலிக் பச்சை, பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் அங்கங்கே தேய்த்தால் பச்சை பெயர்ந்து துரு எட்டிப்பார்க்கும், நிஜ இரும்பு தோற்றுவிடும். கல்யாணத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் டப்பா காலியாக இருந்தது என் குற்றம்தான். நகப்பூச்சு நீக்கும் திரவத்தை மட்டும் மாடல் பக்கம் கொண்டுபோகாதே. அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

வாஷ்பேசின் ஓட்டையை அடைக்காமல் எந்தப் பாகத்தையும் கழுவாதே. 1/72 விமானத்தின் புரொப்பெல்லர் ஒன்று உள்ளே போய், அடியிலுள்ள வளைவுக் குழாயைக் கழற்றினேன். புரொப்பெல்லர் கிடைக்கவில்லை. மூன்று வருஷமாக அம்மா தேடிய தோடு கிடைத்தது. அன்று ஒரு நாள் மட்டும் எனக்கு வீட்டில் நல்ல பெயர்.

உன் கப்பலுக்கு வருகிறேன். உன் வீட்டில் குளியல் தொட்டி இருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. எங்களிடம் இருந்தது அரை மீட்டர்கூட இல்லாத ஒரு டப். அதனால்தான் நான் ஆயுள் முழுக்க 1/700 கப்பலோடு நின்றேன். டைட்டானிக் அந்த அளவில் 38 சென்டிமீட்டர்தான். உன்னுடையது 1/350 என்கிறாய். நிஜக் கப்பல் 269 மீட்டர், உன்னுடையது 77 சென்டிமீட்டர். நீளத்தை 350-ஆல் வகுத்தாய், சரி. எடையை எத்தனையால் வகுப்பாய்? நீளம், அகலம், உயரம் மூன்றுமே 350 மடங்கு சிறுத்தவை. ஆகவே 350-ஐ மூன்று தரம் பெருக்கவேண்டும், ஏறக்குறைய 4 கோடியே 29 லட்சம். நிஜக் கப்பல் முழுச் சுமையோடு சுமார் 52,000 டன். உன் கப்பலின் பங்கு 1.2 கிலோ. அதை எடைபோட்டுப் பார். குறைந்தால் ஈயத்துண்டுகளை அடித்தளத்தில், நடுக்கோட்டை ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டே வா. நிஜக் கப்பல் தண்ணீருக்குள் இருந்த ஆழம் பத்தரை மீட்டர். உன் தொட்டியில் 3 சென்டிமீட்டர் அமிழ்ந்து, சிவப்பும் கறுப்பும் சேருகிற கோட்டில் தண்ணீர் வந்து நிற்கும்போது உனக்கே உடம்பு சிலிர்க்கும். கடல்நீர் சற்றுக் கனம் என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன், மாப்பிள்ளை எஞ்சினியர், அவர் கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

மோட்டார் வைக்கிற ஆசை வந்தால் வேகத்தை 350-ஆல் வகுக்காதே. 350-இன் வர்க்கமூலத்தால், அதாவது 18.7-ஆல் வகுக்கவேண்டும். கப்பல் கிளப்புகிற அலை சரியாகத் தெரிவதற்கு அதுதான் கணக்கு. வில்லியம் ஃபுரூட் என்ற இங்கிலாந்து எஞ்சினியர் 1872-இல் டார்கீயில் நீளமாக ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, மெழுகில் செய்த கப்பல்களை அதில் இழுத்து இழுத்துப் பார்த்தார். பெரிய கப்பல் எவ்வளவு தண்ணீர்த் தடையைச் சந்திக்கும் என்பதைச் சின்ன மாதிரியிலிருந்தே கணக்கிட்டார். குளியல் தொட்டியில் கப்பல் விடுகிறவர்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல். டைட்டானிக்கின் 21 நாட் வேகம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர், உன் தொட்டியில் நொடிக்கு 58 சென்டிமீட்டர். ஒன்றரை மீட்டர் தொட்டியில் பாதியைக் கப்பலே அடைத்துக்கொள்ளும், மிச்சம் ஒன்றேகால் நொடியில் முடிந்துவிடும், கையை நீட்டிப் பிடித்துக்கொள்.

இப்போது ஏர்பிரஷ். லாக்கர், எனாமல் பெயின்ட்டெல்லாம் தின்னரில் கரைந்தவை. அந்த ஆவி தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். குளியலறை ஃபேன் நீராவியை வெளியேற்றச் செய்தது. மோட்டாரில் ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்று அதைச் செய்தவர்கள் யோசித்திருக்க வேண்டிய அவசியமில்லை. உன் குளியலறையில் கேஸ் கீசர் வேறு இருக்கிறது, அதற்குள் நெருப்பு. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தானே என்று வாதாடாதே. ஆல்கஹால் கலக்காததுதான் தீப்பிடிக்காது, ஆனால் எதுவானாலும் அந்த மூடுபனியை அடைத்த அறையில் நின்று சுவாசிப்பது நீதான். பெயின்ட் புகையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற ஸ்ப்ரே பூத் ஒன்று வாங்கி, அதன் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடு. முகத்துக்கு ஆவியைத் தடுக்கிற கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க், துணி மாஸ்க் இல்லை.

வெந்நீரைத் திறந்துவிட்டு நீராவி கிளப்பினால் தூசியெல்லாம் படிந்துவிடும், பிறகு பெயின்ட் அடித்தால் ஒரு துகள்கூட ஒட்டாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். பாதி உண்மை. வேறெங்கோ பெயின்ட் அடித்ததைக் கொண்டுவந்து காயவைக்க, ஈரமெல்லாம் அடங்கியபின், அந்த அறை நல்ல இடம். ஆனால் ஈரக் காற்றிலேயே லாக்கர் அடித்தால், தின்னர் சட்டென்று ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கும், காற்றின் ஈரம் அதன்மேல் பனியாக இறங்கும். கறுப்பு மோரிஸ் கார் ஒன்றை அப்படி அடித்தேன். காலையில் பார்த்தால் பால் ஊற்றித் துடைத்த மாதிரி நின்றது.

ஈரத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் நான் உள்ளே போனால் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். ஒரு டெக்கல் பாதியில் இருக்கும்போது நீ கதவைத் தட்டினாய். அஞ்சு நிமிஷம் என்றேன். மறுபடி தட்டினாய், மறுபடி அஞ்சு நிமிஷம். நான் வெளியே வந்தபோது நனைந்த கவுனோடு, அழாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கு நாலரை வயது. உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். அன்று சாயங்காலம் அம்மா என் ஸ்க்ரூடிரைவரையே எடுத்து அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

தாழ்ப்பாள் போனபின் நீ இஷ்டத்துக்கு உள்ளே வருவாய். நான் அப்போது 1/32 மஸ்டாங் போர் விமானம் செய்துகொண்டிருந்தேன். சிறகு விரிப்பு 35 சென்டிமீட்டர், விமானியின் தலைக்குமேல் நீர்க்குமிழி மாதிரி ஒரே துண்டுக் கண்ணாடி. அதைச் சூப்பர் க்ளூவால் ஒட்டி, தூசி விழக்கூடாது என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, குளித்த ஈரம் காயாத அந்த அறையிலேயே இரவு முழுக்க விட்டேன். இரண்டும் தப்பு. சூப்பர் க்ளூ ஈரத்தால்தான் இறுகுகிறது. மூடிய இடத்தில் அதன் ஆவி வெளியே போகமுடியாமல் கண்ணாடிமேல் வெள்ளையாகப் படியும். தெளிவான பாகத்துக்கு வெள்ளைப் பசைதான் போடவேண்டும்.

காலையில் டப்பாவைத் தூக்கினேன். கண்ணாடியின் உச்சியில் வெள்ளையாக ஒரு சின்ன விரல் ரேகை, சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல். முந்தின நாள் நீ தொட்டுப் பார்த்திருக்கிறாய். தடயவியல் ஆட்கள் ரேகை எடுப்பதற்கு இதே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது, கோபம்தான் தெரிந்தது. உன்னைக் கூப்பிட்டுத் திட்டினேன். தொடவே இல்லை என்று சாதித்தாய். ரேகையைக் காட்டியதும் வாயடைத்துப்போனாய்.

பாலிஷ் போட்டு அதை எடுத்துவிடலாம். அரை மணி நேர வேலை. வேலைக்கான ஈரத்துணியைக்கூட எடுத்து வைத்தேன், பிறகு வைத்த இடத்திலேயே காய்ந்துபோயிற்று. அந்த விமானத்தில் அது ஒன்றுதான் 1/1 அளவு.

அடுத்த வாரம் அதைப் பஞ்சு சுற்றிப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். ஆன்டெனாக் கம்பி வழியில் உடையும், கம்பி உன்னிடம் இருக்கிறதுதானே. கண்ணாடியில் இருப்பது அழுக்கு என்று மாப்பிள்ளை துடைக்கப் போனால் தடுத்துவிடு. பேத்தியின் ஆள்காட்டி விரலை அந்த ரேகையின்மேல் வைத்துப் பார், அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

அன்புடன்,
அப்பா