ஒப்பந்தத்தில் நீ கையெழுத்திடும் முன்

ஏற்காடு

அன்பு மகளுக்கு,

இந்த முதியோர் குடியிருப்பின் புதிய ஒப்பந்தத்தில், வாரிசுதாரர் என்ற முறையில் உன் கையெழுத்தையும் நிர்வாகம் கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய். மாதக் கட்டணம் கூடவில்லை என்பதால் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இப்போது வேண்டாம், கண்ணு. குடியிருப்போருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே எழும் எந்தப் பிணக்கையும் நிர்வாகம் நியமிக்கும் ஒரே நடுவர் சென்னையில் விசாரித்து முடிப்பார், அவர் சொல்வதே இறுதி என்று அதில் ஒரு பத்தி இருக்கிறது. உன் அப்பாவும் நானும் கையெழுத்திடாமல் இருப்பது அதனால்தான்.

இங்கு வரும் பிணக்குகள் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிறியவையாகத் தோன்றும். கோடையில் வாங்கும் லாரித் தண்ணீருக்கான செலவு யாருடையது, இரவில் செவிலியர் இல்லாத மாதத்துக்கும் முழுக் கட்டணம் தர வேண்டுமா, ஒருவர் காலமான பின் அவருடைய வைப்புத்தொகை எப்போது பிள்ளைகளுக்குத் திரும்பும் என்பவையே பெரும்பாலும் வரும். ஆனால் யார்மீது குறை சொல்கிறோமோ அவர்கள்தாம் நமக்கு மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் இத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நம்மைச் சேலத்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க வேண்டியவர்களும் அவர்களே. அதனால் இங்குள்ள பலர் நியாயமான குறையைக்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்படியும் ஒருவர் துணிந்து சொன்னால், அதைக் கேட்பவராவது நிர்வாகத்துக்குக் கடன்படாதவராக இருக்க வேண்டாமா? எண்பது வயதுக்காரரைச் சென்னைக்கு அலைய வைப்பதே அவர் வாயை அடைக்கப் போதுமானது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தில் 2015இல் வந்த திருத்தத்தின்படி, ஒரு தரப்பின் ஊழியரோ ஆலோசகரோ அந்த வழக்குக்கு நடுவராக முடியாது. வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் தாமாகவே ஒற்றை நடுவரை நியமிக்கவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. தகராறு எழுந்த பிறகு, தகுதியற்ற அந்த நடுவரையே ஏற்பதாக நாமே எழுதிக் கொடுத்தால் மட்டும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே பின்னாளில் அப்படி ஒரு தாள் வந்தால் அதிலும் கையெழுத்திடாதே. ஒப்பந்தத்தில் நடுவர் பத்தி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை நமக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே, புகார் கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நானே அணுகவும் முடியும்.

இருந்தாலும் எடுத்த எடுப்பில் வழக்குக்குப் போக எனக்கு விருப்பமில்லை. வழக்கு முடியும்வரை அதே உணவுக்கூடத்தில், அதே முகங்களோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வெளியாள் ஒருவர் சமரசம் பேசட்டும். அவர் சேலத்துக்காரராகவோ இம்மலைக்கே வரக்கூடியவராகவோ இருக்கட்டும். முடிவைக் காரணத்தோடு எழுத்தில், குறித்த நாளுக்குள் தரட்டும். புகார் நிலுவையில் இருக்கும்போது அந்த வீட்டுக்கு உணவோ மருத்துவ உதவியோ ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வண்டி நிறுத்துவதிலும் நாய் வளர்ப்பதிலும் பக்கத்து வீட்டாருக்குள் மனத்தாங்கல் வரும்போது, ஒரு தரப்புக்கு உறவோ நெருங்கிய நட்போ உள்ள செயற்குழு உறுப்பினர் அந்த விசாரணையிலிருந்து விலக வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் கொடுத்திருக்கிறேன். சிலருக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் கொடுத்தது சரியே.

நிர்வாகத்திடமிருந்து திருத்திய பத்தி எழுத்தில் வந்ததும் உனக்கு அனுப்புகிறேன். நீ படித்துச் சந்தேகங்களைக் கேள். நாங்கள் கையெழுத்திட்ட பின் நீ இட்டால் போதும். அதற்குள் அலுவலகத்திலிருந்து உன்னை அழைத்து அவசரப்படுத்தினால், அம்மாவிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா