சிங்கப்பூர் – பினாங்கு – புக்கெட் கப்பல் பயணம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளியில் வசிக்கும் உங்கள் வாடிக்கையாளர் (முன்பதிவு விவரம் இணைப்பில்)

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு, சென்னை அலுவலகம்

பொருள்: தவறான தகவல் கொடுத்து அறைகளை விற்றது, குடும்பத்தை இரண்டு தளங்களில் பிரித்தது, உங்கள் ஊழியர் என்னை அவமதித்துப் பேசியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இந்தப் புகாரைத் தொலைபேசியில் சொன்னேன், மின்னஞ்சலில் எழுதினேன், உங்கள் இணையதளப் படிவத்தில் நிரப்பினேன், நேரிலும் வந்து சொன்னேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறார்; கேட்டு முடித்ததும் இது தன் பிரிவு இல்லை என்கிறார். போன வாரம் என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஒரு ரூபாய் வரவில்லை, ஒரு வரி விளக்கம் வரவில்லை. ஆகவே கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மே விடுமுறையில் கப்பலில் போகலாம் என்று முடிவு செய்தபோது எங்கள் முன்னால் உங்கள் நிறுவனம் மட்டும் இருக்கவில்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் அங்கிருந்து புறப்படும் கப்பல்களைப் பார்த்தோம். ஒன்றில் கட்டணம் குறைவு, ஆனால் பிள்ளைகளுக்கென்று பெரிதாக எதுவும் இல்லை. இன்னொன்றில் எல்லாம் இருந்தது, சைவச் சாப்பாட்டைப் பற்றி உறுதியாகச் சொல்ல ஆளில்லை. உங்களைத் தேர்ந்தெடுத்தது உங்கள் விற்பனைப் பிரிவில் இருந்தவர் என் கேள்விகளுக்குத் தயங்காமல் சொன்ன பதில்களை நம்பித்தான். நான் பள்ளி ஆசிரியை. கேள்விகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். பதில்களையும் அதிலேயே தேதி போட்டு எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களின் நகலை இணைத்துள்ளேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், எழுபது வயதைத் தாண்டிய மாமியார், எட்டு வயது மகள், இரண்டரை வயது மகன். சின்னவனைக் குழந்தைகள் கிளப்பில் பார்த்துக்கொள்வார்களா என்று கேட்டேன். "எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் வசதி இருக்கிறது மேடம், நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்" என்றார். கப்பலில் ஏறிய பிறகுதான் தெரிகிறது, மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், டயபர் இல்லாமல் கழிப்பறைக்குப் போகப் பழகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் பெற்றோர் கூடவே உட்கார்ந்திருக்கும் விளையாட்டு நேரம் மட்டும். நீச்சல் குளத்திலும் அதே கதை. டயபர் போட்ட குழந்தை குளத்தில் இறங்கக் கூடாது, நீச்சலுக்கென்று விற்கும் டயபராக இருந்தாலும் கூடாது. சுகாதாரக் காரணம் என்று அங்கே நின்ற பெண் பொறுமையாகச் சொன்னார். விதி நியாயமானது, அதோடு எனக்குச் சண்டை இல்லை. உங்கள் கப்பலின் விதி உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் இரண்டரை வயது என்று வாய்விட்டுச் சொன்ன தாயிடம் ஏன் மறைத்தீர்கள்? அக்கா தண்ணீரில் விளையாட, கம்பிக்கு வெளியே நின்று அவன் அழுத அழுகையை எந்த நஷ்டஈடும் ஈடுகட்டாது.

இதைத்தான் ஊர் திரும்பியதும் உங்கள் சேவை மையத்தில் சொன்னேன். எடுத்தவர் நல்ல தமிழில், நிதானமாக, இப்படிக் கேட்டார்: "இரண்டரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு எதற்குக் கப்பலுக்குப் போனீர்கள்? வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாமே?" குழந்தைகளோடு வாருங்கள் என்று பத்திரிகையில் படம் போட்டு அழைத்தது நீங்கள். அந்தப் படத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டு வயதுகூட இருக்காது. கூப்பிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு, பிள்ளையை ஏன் கொண்டுவந்தாய் என்று பெற்றவளைக் கேட்கிறீர்கள். அவர் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. மேலதிகாரியிடம் கொடுங்கள் என்றேன், இணைப்பைத் துண்டித்தார். அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். அதை அழித்துவிடாமல் பாதுகாத்து வைக்கும்படியும் இக்கடிதத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் அதைக் கோருவேன்.

கட்டண விஷயம். "பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை" என்பது உங்கள் விளம்பரத்தின் முதல் வரி. ஒரே அறையில் இரண்டு பேர் முழுக் கட்டணம் கட்டிய பிறகு, அதே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது ஆளுக்குத்தான் அந்தச் சலுகை. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஐந்து பேருக்கு இரண்டு அறை போட்டு, மாமியாரோடு மகளைச் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னதே உங்கள் ஊழியர்தான். அந்த நிமிடமே எட்டு வயதுப் பெண் அந்த அறையின் இரண்டாவது ஆளாகி, பெரியவர்களுக்குரிய முழுக் கட்டணத்துக்கு வந்துவிட்டாள். பெரியவர்கள் மூவரும் பிள்ளைகளும் எப்படித் தங்கினால் எவ்வளவு ஆகும் என்று எல்லா வழிகளையும் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால் நாங்கள் முடிவெடுத்திருப்போம். சலுகை கிடைத்ததாகச் சொன்ன சின்னவனுக்கும் துறைமுகக் கட்டணம், வரிகள், அதற்கு மேல் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டாலரில் டிப்ஸ். பாலும் வாழைப்பழமும் சாப்பிட்ட குழந்தையின் கணக்கில் டிப்ஸ்! இறங்குவதற்கு முந்தைய இரவு அறைக் கதவில் செருகியிருந்த பில்லைப் பார்த்துத்தான் இது தெரிந்தது. முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவதை, ஏமாற்று உத்திகளின் பட்டியலில் சேர்த்து மத்திய அரசு 2023 நவம்பரிலேயே தடுத்திருக்கிறது. உங்கள் சட்டப் பிரிவுக்கு இது தெரிந்திருக்கும்.

இரண்டு அறையும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் கதவோடு இருக்க வேண்டும் என்பதுதான் நான் வைத்த ஒரே நிபந்தனை. "கண்டிப்பாக" என்றார். நோட்டில் அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். வந்த ரசீதில் அறை எண்ணுக்குப் பதிலாக ஜிடிஒய் என்று மூன்று எழுத்துகள் இருந்தன. என்ன என்று கேட்டேன். கம்ப்யூட்டர் குறியீடு, புறப்படும் முன் எண் வந்துவிடும் என்று பதில். உண்மையில் அது, அறையின் வகை மட்டும் உறுதி, எந்த அறை எந்தத் தளம் என்பது கப்பல் நிறுவனத்தின் விருப்பம் என்ற நிபந்தனையோடு மலிவாக விற்கும் டிக்கெட். எனக்குக் கதவுள்ள அறை என்று சொல்லி, அறையே தீர்மானமாகாத டிக்கெட்டை விற்றிருக்கிறீர்கள்.

நாங்கள் ஒரு தளம். மாமியாரும் மகளும் வேறு தளம், அதுவும் கப்பலின் மறுகோடியில். புறப்படும் முன் பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைத்தார்கள். ஆபத்து வந்தால் பயணிகள் ஒன்றுகூட வேண்டிய இடம் அறையைப் பொறுத்தது என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஓரிடம், அவர்களுக்கு வேறிடம். 2012-இல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்பே அல்லது புறப்பட்ட உடனேயே இந்தப் பயிற்சி நடக்க வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். இவ்வளவு யோசித்து விதி செய்திருக்கும்போது, எட்டு வயதுக் குழந்தையும் முழங்கால் வலியோடு நடக்கும் பாட்டியும் தனியாக ஓரிடத்தில் போய் நிற்கட்டும் என்று எந்தக் கணக்கில் விட்டீர்கள்? கப்பலின் வரவேற்பு மேசையில் மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். கப்பல் நிரம்பிவிட்டது, இந்தியாவில் முன்பதிவு செய்த இடத்தில் பேசுங்கள் என்றார்கள். நடுக்கடலில் இருந்துகொண்டு சென்னையில் யாரிடம் பேசுவது? பயணம் முழுவதும் இரவில் நான் தூங்கவே இல்லை. கணவர் மகளோடு போய்ப் படுத்துக்கொள்ள, மாமியார் எங்கள் அறைக்கு வந்துவிட்டார். குடும்பமாகப் போன பயணத்தில் கணவரைச் சாப்பாட்டு வேளையில்தான் பார்த்தேன். இன்றும் என் மகள் கப்பல் என்றால் வேண்டாம் என்கிறாள்.

சின்னவனுக்கு இரவில் பால் காய்ச்ச மின்சாரக் கெட்டில் கொண்டு வரலாமா என்பதும் என் கேள்விகளில் ஒன்று. "தாராளமாக" என்று எழுதியிருக்கிறேன். ஏறும்போதே பாதுகாப்புச் சோதனையில் அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். தீ ஆபத்து, எந்தக் கப்பலிலும் அனுமதி இல்லையாம். நள்ளிரவில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெந்நீருக்காகச் சாப்பாட்டுத் தளம் வரை ஏறிப் போனது யார்? உங்கள் ஊழியர் போனாரா?

ஏறும் இடமும் தவறு. உங்கள் மின்னஞ்சலை நம்பி ஹார்பர்ஃபிரண்ட் முனையத்துக்குப் போய்ப் பெட்டிகளை இறக்கினோம். கப்பல் நின்றது மெரினா பே முனையத்தில். மறுபடி டாக்சி, மறுபடி பெட்டிகள், வரிசை மூடும் நேரத்துக்குள் ஓட்டம். சிங்கப்பூரில் இரண்டு முனையங்கள் இருப்பது கப்பல் நிறுவனத்துக்கே தெரியாதா?

பினாங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாமியாரின் தந்தை இளமையில் பினாங்கில் வேலை பார்த்தவர். ஜார்ஜ் டவுனில் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்திருக்கிறார். அந்தக் கோயிலில் ஒரு கற்பூரம் ஏற்ற வேண்டும் என்பதற்காகத்தான் அவர் இந்த வயதில் பாஸ்போர்ட்டே எடுத்தார். காலையிலிருந்து மாலை வரை கப்பல் அங்கே நிற்கும் என்றார்கள். சுவெட்டன்ஹாம் துறையில் நாங்கள் இறங்கியதே வெயில் உச்சிக்கு வந்த பிறகு. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால் நடை சாத்தியிருந்தது. மாலையில் திறக்கும் வரை காத்திருக்கக் கப்பல் நேரம் இடம் கொடுக்கவில்லை. அட்டவணையை மாற்றும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டு என்கிறீர்கள். இருக்கட்டும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்ல எந்த ஒப்பந்தம் தடுத்தது? ஒரு வயதான பெண்ணின் வாழ்நாள் வேண்டுதலைப் பறித்துவிட்டீர்கள் என்று சொன்னால் அது மிகையில்லை. புக்கெட்டிலோ பாத்தோங் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறங்கச் சொன்னார்கள். அலையில் ஆடும் படகுக்கு அவரால் கால் வைக்க முடியவில்லை. அவருக்காக நானும் கப்பலிலேயே இருந்துவிட்டேன். வயதானவர் வருகிறார் என்று முதல் அழைப்பிலேயே சொல்லியிருந்தேன்.

இனி, சென்னைக்கு வரவழைத்தீர்களே, அது. அசல் ரசீதுகளையும் கையெழுத்திட்ட விண்ணப்பத்தையும் நேரில் கொண்டு வந்தால் அன்றே முடித்துத் தருவதாக உங்கள் சேவை மையம் சொன்னது. பள்ளிக்கு விடுப்பு போட்டு, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து எழும்பூரில் இறங்கி, உங்கள் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். காவலாளி உள்ளே விடவில்லை. இங்கே பொதுமக்களைப் பார்ப்பதில்லை, ஏஜெண்டுகள் மட்டும்தான் என்றார். நெடுநேரம் கழித்து ஒருவர் படியிறங்கி வந்தார். காகிதங்களைக் கையில்கூட வாங்காமல் இணையதளத்தில் பதியச் சொன்னார். இணையதளத்தில் ஏற்கெனவே பதிந்தாயிற்று, அங்கிருந்துதான் தொலைபேசிக்கும், தொலைபேசியிலிருந்துதான் இங்கேயும் அனுப்பினார்கள் என்றேன். "அப்படியானால் காத்திருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது அந்தக் காவலாளி ஒருவர்தான். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

நான் சண்டைக்காரி இல்லை. இப்போதும் உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கவே எழுதுகிறேன். மகளிடம் வாங்கிய முழுக் கட்டணத்துக்கும் மூன்றாவது ஆளுக்குரிய தொகைக்கும் உள்ள வித்தியாசம், சின்னவன் பேரில் பிடித்த டிப்ஸ், கதவுள்ள அறை தராததற்கு இரண்டாவது அறைக் கட்டணத்தில் பாதி, சென்னைப் பயணச் செலவு ஆகியவை என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். பிள்ளையை ஏன் கொண்டு போனாய் என்று கேட்ட ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இனி வரும் விளம்பரங்களில் குழந்தைகள் கிளப்பின் வயது வரம்பையும், கட்டணச் சலுகை எந்த அறையில் யாருக்கு என்பதையும், படிக்க முடிகிற எழுத்தில் அச்சிட வேண்டும். அடுத்த ஆண்டும் எத்தனையோ தாய்மார்கள் இதே விளம்பரத்தைப் பார்த்து உங்களுக்குத் தொலைபேசி செய்வார்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதன் பின் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். உங்கள் ஆட்கள்தான் திருச்சிக்கு வர வேண்டியிருக்கும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் உள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அந்தப் படத்தோடு தனியாக எழுதுவேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தாகிவிட்டது.

வகுப்பு நேரத்தில் என்னால் தொலைபேசியை எடுக்க முடியாது. பதில் எழுத்தில், பொறுப்பான ஓர் அதிகாரியின் பெயரோடும் கையெழுத்தோடும் வர வேண்டும். அந்தச் சேவை மைய ஊழியரை மறுபடி என்னிடம் பேச வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதுகள், கப்பலில் கொடுத்த பில், மின்னஞ்சல்கள், நோட்டுப் பக்கங்களின் நகல், பத்திரிகை விளம்பரம், ரயில் டிக்கெட்.