அந்தச் சிறுநீர்க் குழாயை எப்போது எடுப்பீர்கள்? சேலம் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இணை இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலத்துக்கு வைத்தியத்துக்கு வரும் முதியவர்களில் பலர், அவசரப் பிரிவிலிருந்து வார்டுக்குப் போகும்போதே யூரின் டியூபும் பையுமாகத்தான் போகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. தேவையானவருக்கு அதைப் போடுவதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை. போட்டதை எடுக்க ஒருவருக்கும் நினைவு வருவதில்லை என்பதே எங்கள் குறை.

காப்பித் தோட்டத்துச் சரிவுகளில் ஏறி இறங்கியே வயதான என் தாயார், நெஞ்சுச் சளிக்காக நகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டபோது, கழிப்பறைக்குத் தாமே நடந்து போய் வந்துகொண்டிருந்தார். அன்றிரவே டியூப் போட்டார்கள். சிறுநீர் அடைத்திருக்கிறதா, மணிக்கு மணி அளவு பார்க்க வேண்டிய நிலையா என்று கேட்டதற்கு, "வயசானவங்க, எழுந்து போய் விழுந்துட்டா யார் பொறுப்பு?" என்பதே பதிலாகக் கிடைத்தது. டியூப் நழுவாமலிருக்க அதன் நுனியில் ஊதி வைக்கும் பலூன் உள்ளே உறுத்துவதால் ஒன்றுக்கு வருவது போலவே இருக்க, அவர் எழ முயல்வதும், "டியூப் இருக்கு பாட்டி, அதுலேயே போங்க" என்று படுக்க வைப்பதுமாக இரவுகள் கழிந்தன. பிறகு காய்ச்சலும் பிதற்றலும் வந்து அவர் டியூபைப் பிடித்து இழுத்தபோது, இரு கைகளையும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். எக்ஸ்ரேக்குச் சக்கர நாற்காலியில் கொண்டுபோகையில், எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டிய பையை, நிரம்பியது நிரம்பியபடியே அவர் மடியில் வைத்தார்கள்.

டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றுக்கான வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு கூடுகிறது என்பதையும், முதியவருக்கு அந்தத் தொற்று மனக்குழப்பமாகவும் தலைகாட்டக்கூடும் என்பதையும் மருத்துவரான தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிறுநீர் கட்டுப்படாதவரைப் பராமரிக்கும் வேலைக்கு மாற்றாக இக்குழாயைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2009 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. இங்கோ, படுக்கை விரிப்பு நனையாமலிருப்பதே சிகிச்சையின் வெற்றியாகக் கருதப்படுகிறது.

முழு வார்டுக்கும் இரவில் ஒரே செவிலியரை நிறுத்தும்போது அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் அறை வாடகை தனி, நர்சிங் கட்டணம் தனி, டியூபுக்கும் பைக்கும் தனி என்று நீளும் பில்லில், பெட்பேன் வைக்க வேண்டிய ஆயாவின் சம்பளம் எந்த வரியில் ஒளிந்திருக்கிறதோ, நிர்வாகத்துக்கே வெளிச்சம்! அது கிடக்கட்டும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

டியூப் இன்றும் ஏன் தேவை என்ற காரணத்தை மருத்துவர் ஒவ்வொரு நாளும் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். எழுதக் காரணமில்லையென்றால் அன்றே எடுத்துவிட வேண்டும். இதற்காகப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு உடலுக்கு வெளியே மாட்டும் சிறுநீர் உறையும், மற்றவர்களுக்குப் பெட்பேனும், நடக்கக்கூடியவருக்குக் கைத்தாங்கலாக ஓர் ஆளும் போதும். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவமனைகளின் பதிவையும் ஆய்வையும் கவனிக்கும் தங்கள் அலுவலகம், இதைச் சுற்றறிக்கையாக அனுப்பி, ஆய்வுக்குச் செல்லும்போது நான்கு கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்தாலே நிலைமை மாறிவிடும். தினமும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், எழுத முடியாவிட்டால் எடுக்கச் சொல்லுங்கள் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு கோரிக்கையில்லை. ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டுவாசி ஒருவர்