சொற்பட்டியல் குறித்து மகளுக்கு

மாதுங்கா, மும்பை

அன்பு மகளுக்கு,

நீ விட்டுச்சென்ற, மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வின் ஆங்கிலச் சொல் நோட்டை இன்று கூரியரில் பெங்களூருக்கு அனுப்பிவிட்டேன். அனுப்புமுன் முழுவதும் படித்தேன். ஆங்கிலம் நடத்தியே ஓய்வுபெற்றவனால் அதைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. பொருள் எழுதியதில் ஓரிடத்திலும் பிழை இல்லை, பெருமையாக இருந்தது. ஆனால் அகரவரிசையில் உருப்போடாதே என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? எதிர்ச்சொல் கேள்விகளை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது ஆறு சொற்களில் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், சொற்களைக் கூட்டமாகப் படித்தால்தான் நிற்கும்.

தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு (பிறரால் இகழப்படுதல்), இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணங்கள் வகுத்திருக்கிறார். துயரச் சொற்களை நீயும் அப்படியே பிரித்துக்கொள். மார்ட்டிஃபிகேஷன், சாக்ரின் இளிவில் சேரும், பிரீவ்மென்ட் இழவில், டெஸ்டிட்யூஷன், பென்யூரி வறுமையில். முன்பிருந்த நிலை கெடுவதுதான் அசைவு. அதற்குரிய சொற்களை நீயே தேடி எழுது. பிறகு அழுத்தத்தைப் பார். டெஸ்பான்டென்ட் என்றால் நம்பிக்கை தளர்ந்தவர், அவரைத் தேற்றிவிடலாம். இன்கன்சோலபிள் என்றால் எந்த ஆறுதலும் எட்டாதவர். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது, அம்மா.

ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுது என்று சொன்னவன் நான்தான். முதல் பக்கங்களில் ‘அவள்’, ‘அந்த அரசன்’ என்று தொடங்கிய உன் வாக்கியங்கள், மார்ச்சுக்குப் பிறகு எல்லாமே ‘நான்’ என்று தொடங்குகின்றன. கைவிடப்பட்டுத் தனித்து நிற்பதைச் சொல்லும் ஃபோர்லார்ன் என்ற சொல்லுக்கு மட்டும் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. மூன்றிலும் இலக்கணம் சரியாக இருக்கிறது.

அம்மா அழைத்தால் போனை எடு. ‘படிக்கிறேன்’ என்று குறுஞ்செய்தி அனுப்பினால் அவளுக்குப் போதுமா? இரண்டு நிமிடம் பேசுவதால் படிப்பு கெடாது. சொற்களைக் கூட்டமாகப் படி, இரவில் கண்விழித்துப் படிக்காதே, வேளைக்குச் சாப்பிடு.

பெரியப்பாவிடம் நான் பேசிவிட்டேன். இந்த வீட்டில் யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை உத்யான் எக்ஸ்பிரஸில் ஏறு. சனிக்கிழமை தாதருக்கு நான் வந்து நிற்கிறேன். நோட்டையும் எடுத்துக்கொண்டு வா, அசைவுக்குரிய சொற்களை இருவரும் உட்கார்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
அப்பா