வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், எழுதியே அனுப்பு

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

மூன்று மாதமாக நீ எது அனுப்பினாலும் நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் வருவதில்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டாயாமே. திறந்து பார்ப்பது நான்தான். படிக்கத்தான் முடியவில்லை. லேசான தலைசுற்றல், பிரஷர் என்று உன்னிடம் சொன்னது பொய். வந்தது ஸ்ட்ரோக். நீ புது வேலையில் சேர்ந்திருந்த நேரம், லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய் என்று மறைத்துவிட்டோம். திட்டுவதானால் என்னைத் திட்டு, அம்மாவை விட்டுவிடு.

அன்றைக்குக் கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை, பேச்சும் குழறவில்லை. காலையில் பேப்பரை விரித்தால் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் தமிழாகவே இல்லை. பேப்பர் பையன் வேறு பாஷைப் பேப்பரைப் போட்டுவிட்டான் என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன், பாவம் அவன். கண்தான் கெட்டுவிட்டது என்று கண்ணாடிக் கடைக்குப் போனோம், பவர் ஏறிவிட்டது என்று புதுக் கண்ணாடி மாட்டி 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் சாயந்திரம் கண் டாக்டர்தான் எனக்கு வலது பக்கம் பாதி தெரியவில்லை என்று கண்டுபிடித்து ஸ்கேன் எடுக்க அனுப்பினார். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். கை கால் விழுந்தால்தான் ஸ்ட்ரோக் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், என்ன செய்ய.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இடது மூளையின் பின்பக்கம் ரத்தம் போகாமல் பார்வைக்கான இடம் செத்துவிட்டது. வலது மூளை பார்க்கிறது, ஆனால் எழுத்தை அடையாளம் காண்கிற இடம் இடது பக்கம் இருக்கிறது, இரண்டையும் இணைக்கிற பாலத்தின் பின்பகுதியும் போய்விட்டது. எழுத்து வருகிறது, போய்ச் சேருவதில்லை. எழுதுவதற்கு வேறு வழியாம், அதில் சேதம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுத முடிகிறது, எழுதிய வரியைப் படிக்கச் சொன்னால் முழிக்கிறேன். இப்போதே பார், நடுவில் டீ குடிக்க எழுந்து போய் வந்தேன், எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, மேலே போய்ப் பார்க்கவும் வழியில்லை. ஒரே விஷயம் இரண்டு தடவை வந்திருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு வேடிக்கை கேள். ஆஸ்பத்திரியில் எழுதச் சொன்னபோது விறுவிறுவென்று எழுதினேன், அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு 'லை'க்கும் 'னை'க்கும் யானைத் தும்பிக்கை மாதிரியான பழைய சுழியைப் போட்டிருக்கிறீர்களே என்றாள். 1978இல் சீர்திருத்த எழுத்து வந்தபோது பிரஸ்ஸில் அந்த அச்சுகளை ஒதுக்கிவிட்டு விரலைப் புதுசுக்குப் பழக்க எனக்கு எவ்வளவு நாள் ஆயிற்று தெரியுமா? கண் மேற்பார்வை போனதும் கை பழைய வீட்டுக்கே போய்விட்டது. இதிலும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.

அந்தக் கைதான் இப்போது படிக்கவும் உதவுகிறது. பயிற்சி கொடுக்கிற பெண் எழுத்தின் மேல் விரலால் வரையச் சொன்னாள். 'க' என்று கண்ணுக்குத் தெரியாதது, விரல் சுற்றி வந்ததும் 'அட, க' என்று புரிகிறது. பிரஸ்ஸில் அச்சுக் கோக்கிற ஸ்டிக்கில் ஈய எழுத்தைத் தலைகீழாக அடுக்கிப் படித்தவன், இன்றைக்கு 'கடை' என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடு. பாரிஸில் டெஜெரின் என்ற டாக்டர் 1892இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறாராம், அவரிடம் வந்தவர் ஒரு ஜவுளி வியாபாரி, அவரும் எழுதுவார், எழுதியதைப் படிக்க முடியாது. கனடாவில் ஹோவர்ட் எங்கல் என்று துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு 2001இல் இதே மாதிரி, காலைப் பேப்பரில்தான் தெரிந்ததாம். நாக்கால் அண்ணத்தில் எழுத்தை வரைந்து வரைந்து படித்து, திரும்பக் கதையும் எழுதினார். நானும் நாக்கால் செய்து பார்த்தேன். 'ஔ'வில் மாட்டிக்கொண்டேன்.

எண்கள் பரவாயில்லை. பஸ் நம்பர் தெரிகிறது, ஊர்ப் பெயர்தான் தெரியவில்லை. வலது பக்கம் தெரியாததால் துணைக்கால் கண்ணில் படாமல் போகிறது, 'போ' என்று இருப்பதைப் 'பே' என்று படித்து அம்மாவைப் பேய் என்று சொன்னதாக வீட்டில் ஒரு கலவரம். பாங்கில் ஃபாரத்தைப் படிக்க முடியவில்லை என்றதும் மை டப்பாவை நகர்த்திக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். பேனாவை வாங்கி முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதினேன், கொஞ்சம் அழுத்தியே.

இதெல்லாம் தெரிந்ததும் இனி வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்று உனக்குத் தோன்றும். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். வேண்டாம். அப்புறம் விரலுக்கு வேலை இருக்காது. தபாலில் எழுது, கையால், நாலு வரி, கோடு போட்ட தாளில் ஒரு வரி விட்டு ஒரு வரி, எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஆங்கிலம் கலக்காதே, அது இன்னும் மோசம். அம்மாவிடம் போனில் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடாதே, ஊகித்துப் படித்தேன் என்பாள். போன கடிதத்துக்கு, அதாவது நீ ஹாஸ்டலில் இருந்தபோது போட்டதற்கு, இருபது வருஷமாவது இருக்கும், அதனால் ஸ்டாம்ப் எவ்வளவு என்று விசாரித்து ஒட்டு.

அப்பா