அறுப்பின் பண்டிகை ஏலம்

கோத்தகிரி

அன்புள்ள எஸ்தருக்கு,

இங்கே அனைவரும் நலம். ரூபியின் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. தங்கம் அக்கா இன்னும் அதே சாம்பார்தான் வைக்கிறார், உன்னையும் விசாரித்தார்.

சென்ற ஞாயிறன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம், காணிக்கையாக வந்த விளைபொருட்களை ஏலம் விட்டார்கள். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப்போல் பத்து மடங்குக்குப் போனது, எல்லோரும் கைதட்டினோம். வெளியே வந்தபோது, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து வரும், இலை பறிக்கும் அம்மா ஒருவர் என்னிடம் பேசினார். ரேஷன் அரிசி இருப்பதால் சோற்றுக்குக் குறைவில்லை, பருப்பும் எண்ணெயும்தான் எட்டவில்லை என்றார். பாமாயில் பாக்கெட் தீர்ந்த பிறகும் அதன் மூலையைக் கத்தரித்து, டம்ளரில் கவிழ்த்து, இரவு முழுவதும் வடியவிடுவாராம்.

அந்தப் பாக்கெட் என் மனத்தை விட்டு அகலவில்லை, எஸ்தர். 2022-இல் உக்ரைன் போரால் உலக உணவு விலை உச்சம் தொட்டு, இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோது, அதன் சூடு இந்த மலையின் அடுப்புவரை வந்தது. நாமும் சளைத்தவர்களல்லர்: 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு நம் அரசு தடை விதித்தது, நம் அரிசியை நம்பியிருந்த மேற்கு ஆப்பிரிக்க ஏழைகளுக்கு விலையேற்றமாயிற்று. 2024-இல் உலகில் ஏறத்தாழ 67 கோடிப் பேர் பசியோடு இருந்ததாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. விளைச்சல் போதாமல் அல்ல. அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் என்னும் வாகன எரிபொருள் ஆகிறது.

வனாந்தரத்தில் தேவன் இஸ்ரவேலருக்குத் தந்த மன்னா என்னும் உணவை மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளைக்கென்று பதுக்கியதில் புழு பிடித்தது. இதைச் சிறுவயது முதல் ஓய்வுநாள் பள்ளியில் ஒப்பித்தவர்கள் நாம். தேவன் தரவில்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை. தந்தது எங்கே தங்கிவிட்டது என்றுதான் நாம் ஒருவரையொருவர் கேட்க வேண்டும்.

ஏலப் பணத்தை மண்டபக் கூரைக்குச் செலவிட எங்கள் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி எண்ணுகிறது. லைன் வீடுகளுக்கு மாதந்தோறும் பருப்பும் எண்ணெயும் கொடுக்கலாம் என்றேன். ‘அது நடைமுறைக்கு ஒத்துவராது’ என்றார்கள். வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறதே, அதற்கு யார் நடைமுறை பார்த்தார்கள் என்று கேட்டேன். ஆயர் மட்டும் தலையசைத்தார்.

உங்கள் சபையின் சனிக்கிழமைக் கஞ்சிக்குச் சாமான் எங்கே வாங்குகிறீர்கள், மாதம் என்ன செலவாகிறது என்று விவரமாக எழுது. வியாழனன்று கமிட்டி மறுபடியும் கூடுகிறது. கணக்கு கையில் இருந்தால்தான் வாதாட முடியும்.

அன்புடன்,
கிரேஸ்