ரெசின் பாட்டிலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாளும் நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்று கரை முழுக்க மராமத்து வேலைதான். 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகிய கரை இது. அதனால் பட்டறை வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லையில் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு ஓட்டை அடைக்கிறவர்கள், தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போடுகிறவர்கள், கதவு செய்து பார்க்கிறவர்கள் என்று இந்த வேலையில் இறங்குகிறவர்கள் நிறைய பேர். எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: ரெசின், அதாவது கண்ணாடி இழையின் மேல் தடவி இறுக வைக்கும் பிசின், சரியாக இறுகவில்லை, இரண்டு நாள் ஆகியும் கையில் பிசுபிசு என்று ஒட்டுகிறது.

இதற்கு ரெசினையும் வானிலையையும் திட்டுகிறோம். எனக்கென்னவோ முதல் காரணம் கடையிலேயே தொடங்குகிறது என்று படுகிறது. சில்லறையாக வாங்கினால் ஒரு கேனில் ரெசின், ஒரு சின்ன பாட்டிலில் இறுகுவதை வேகப்படுத்தும் ஊதா நிற கோபால்ட், இன்னொன்றில் ரெசினை இறுக வைக்கும், தண்ணீர் போன்ற ஹார்ட்னர், அவ்வளவுதான் தருகிறார்கள். பெயர் கிடையாது, தயாரித்த தேதி கிடையாது, எவ்வளவு கலக்க வேண்டும் என்று எழுதியிருக்காது. கேட்டால் "ரெண்டு மூடி ஊத்துங்க, போதும்" என்கிறார்கள். எந்த மூடி? எத்தனை கிலோவுக்கு?

சாதாரண பாலியெஸ்டர் ரெசின் ஒரு கிலோவுக்கு ஹார்ட்னர் 10 முதல் 20 மில்லி வரை போகும். கோபால்ட் பல ரெசின்களுக்கு 5 முதல் 10 மில்லி. ஆனால் கோபால்ட் கரைசலின் வீரியம் ஒரே மாதிரி இருப்பதில்லை, சில ரெசினில் கோபால்ட் முன்பே கலந்தே வரும், அதில் மறுபடியும் ஊற்றினால் பிரஷ் எடுப்பதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். சீட்டில் எழுதித் தராமல் இதை வாங்குகிறவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

பாலுக்கு உறை கூட ஊற்றினால் சீக்கிரம் தோயும் என்கிற கணக்கில் ஹார்ட்னரைக் கூடுதலாக ஊற்றுகிறவர்கள் அதிகம். சூடு தாறுமாறாக ஏறும், வெடிப்பு விடும், மிஞ்சிய ஹார்ட்னர் உள்ளேயே தங்கி பாகம் கடைசிவரை வலுவில்லாமல் கிடக்கும். குறைத்து ஊற்றினாலும் இறுகாது. தின்னரோ அசிட்டோனோ ஊற்றி ரெசினை இளக்குவதும் அப்படித்தான், அது உள்ளே சிக்கிக்கொண்டு இறுக விடாது. மருந்துக்கடையில் ஊசி இல்லாத சிரிஞ்சு இரண்டு வாங்கி, ஒன்று கோபால்டுக்கு, ஒன்று ஹார்ட்னருக்கு என்று பெயர் எழுதி வைத்துக்கொண்டால் அளவுப் பிரச்சினை தீர்ந்தது. வேலை தொடங்கும் முன் 100 கிராம் ரெசினை ஒரு கப்பில் கலந்து, எத்தனை நிமிடத்தில் கெட்டிப்படுகிறது என்று கடிகாரம் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாத உச்சி வெயிலில் வேறு நேரம் காட்டும், மார்கழிக் காலையில் வேறு நேரம் காட்டும்.

ஈரம் அடுத்த எதிரி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கண்ணாடி இழை மேட் (ரெசின் தடவும் விரிப்பு) காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் ரெசின் தடவினால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், அந்த இடம் அடுக்கு பிரிந்துவிடும். மேட்டை வெயிலில் காய வைத்து, பாலிதீன் பையில் கட்டி வைத்து, வேண்டும்போது மட்டும் எடுக்க வேண்டும். அதற்காக வேலையையே நேர் வெயிலில் செய்யக் கூடாது, ரெசின் இறுகத் தேவையான ஸ்டைரீன் என்கிற திரவம் அதிலிருந்து ஆவியாகிப் போய்விடும். நிழலில் செய்து, நன்றாகக் கெட்டியான பிறகு வெயிலில் வைத்தால் நல்லது.

மேல்பக்கம் மட்டும் ஒட்டுகிறது, உள்ளே கெட்டியாக இருக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். காற்றில் உள்ள ஆக்சிஜன் மேல்தோலை இறுக விடாது, அது இந்த ரெசினின் இயல்பு. அடுத்த அடுக்கு பிடிப்பதற்கு அந்தப் பிசுபிசுப்பு உதவவும் செய்யும். கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகு கலந்த ரெசின் தடவலாம், அல்லது வழவழப்பான பாலியெஸ்டர் ஷீட்டை மேலே போட்டு அழுத்திவிடலாம். உள்ளேயும் இறுகியதா என்று பார்க்க, மேல்தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். மறுபடி இளகி ஒட்டினால் இறுகவில்லை. ஹார்ட்னர் போடவே மறந்திருந்தால் மேலே தடவி எந்தப் பயனும் இல்லை, சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பச் செய்வதுதான் வழி.

இதெல்லாம் பொருள் நஷ்டம், போகட்டும். நான் இதை எழுத உட்கார்ந்ததே இன்னொன்றுக்காக. கோபால்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர் விட வேண்டும். பெயர் ஒட்டாத இரண்டு பாட்டிலை ஒரே பையில் போட்டுக் கொடுப்பதும், ஒரே மூடியால் இரண்டையும் அளப்பதும் எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் பிள்ளைகள்தான் பக்கத்தில் நின்று டப்பாவைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும், பட்டுவிட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஹார்ட்னர் கலந்து மிச்சம் இருக்கும் ரெசின் டப்பா கொதித்துப் புகையும், அதை வைக்கோல் போர் பக்கம் வீசிவிடாதீர்கள், வெட்டவெளியில் வைத்து ஆற விடுங்கள்.

கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: ஒவ்வொரு பாட்டிலிலும் தமிழில் பெயர், தேதி, ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லி, எதை முதலில் ஊற்ற வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டையும் தனித்தனிப் பையில் கொடுங்கள். மீன்வளத் துறையும் ஐ.டி.ஐ.க்களும் தடைக்காலத்துக்கு முன்னால் கடலோரக் கிராமங்களில் ஒரு நாள் செய்துகாட்டும் பயிற்சி வைக்க வேண்டும். பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரை ஆள் வருவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மார்ச் மாதத்துக்குள் இந்தக் கடிதத்தைப் பிரசுரித்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஃபைபர் வேலை செய்யும் ஒரு வாசகர்,
நாகப்பட்டினம்.